மண்ணிலிருந்து வந்த காய்ச்சல்: கெடா தோட்டப்புறத்தில் ஒரு மெலியாய்டோசிஸ் நிகழ்வு ஆய்வு

நோயாளி 52 வயது ஆண். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே, பீடோங் வட்டாரத்தில் ஒரு தோட்டச் சிற்றூர்க்காரர். பிறந்தது பால்மரக் காட்டு லயத்தில். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயமும் இடிபட்ட பிறகு குடும்பம் பக்கத்துத் தாமானில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டது. வேலை மட்டும் அதே மண்ணில்தான். ஒரு குத்தகையாளரிடம் நாள் கூலிக்கு உரம் போடுவார், மரத்தடியைச் சுத்தம் செய்வார், வெட்டிப் போட்ட மட்டைகளை இழுத்து அடுக்குவார். சேமநிதி (இ.பி.எப்.), தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு (சொக்சோ) எதுவும் கிடையாது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கை மாற்றவில்லை.

அவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைட், இரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோப்ரில் ஆகியவை கிளினிக் கொடுத்தவை. பாதி நாள் சாப்பிடுவார், பாதி நாள் விட்டுவிடுவார். இதை அலட்சியம் என்று எழுதி முடிப்பது சுலபம். அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளிதான், மருந்தும் இலவசம். ஆனால் கிளினிக்குக்கு வந்தால் காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை அங்கேதான். அன்றைக்குக் கூலி கிடையாது. இரண்டு முறை தவணை தவறினால் மாத்திரையும் தீர்ந்துபோகும். நோய் வருவதற்கு முன் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) அளவு 11.8 விழுக்காடு. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏற்கெனவே சற்றுக் கூடி 128-இல் இருந்தது.

அவரை நான் பார்க்கத் தொடங்கியது மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகு, எங்கள் சுகாதாரக் கிளினிக்கில். அதற்கு முந்தையதை அவருடைய குறிப்பேட்டிலிருந்தும் அவர் மனைவி சொன்னதிலிருந்தும் எடுத்து எழுதுகிறேன்.

காய்ச்சலின் முதல் எட்டு நாள்

அக்டோபர் மாதம். கெடாவில் மழை நன்றாகப் பிடித்திருந்த நேரம். செம்பனை மட்டையின் முள் வலது முழங்காலுக்குக் கீழே கீறிவிட்டது. கீறிய இடத்தைக் கால்வாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ரப்பர் பூட்ஸ் இருந்தது, ஆனால் ஒன்றில் ஓட்டை. உள்ளே சேறு புகுந்து நாள் முழுக்க ஊறும்.

ஒரு வாரம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அப்புறம் இருமல், வலது விலாவில் வலி. முதலில் போன தனியார் கிளினிக்கில் டெங்கிச் சோதனை செய்தார்கள். இல்லை என்று வந்தது. பனடோலும் அமொக்சிசிலினும் கொடுத்து இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எழுதினார்கள். காய்ச்சல் விடவில்லை. இன்னொரு கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள். எட்டாவது நாள் படுக்கையிலிருந்து எழவே முடியாமல் போக, மகன் காரில் தூக்கி வைத்துக்கொண்டு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனார்.

அங்கே பதிவான அளவுகள்: காய்ச்சல் 39.4 டிகிரி, நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 92/58, மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்ஸிஜன் 90 விழுக்காடு, சர்க்கரை 24.6. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பகுதி வெள்ளையாக இருந்தது. மேல்பகுதியில் நிழல், நீரிழிவுக்காரர், தோட்டப்புறத்துக்காரர் என்றதும் காசநோய் என்ற எண்ணம்தான் முதலில் வரும். சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி இல்லை. கடுமையான நிமோனியா என்று எடுத்துக்கொண்டு செஃப்ட்ரையக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஏற்றத் தொடங்கினார்கள்.

இந்த நோயாளியின் உயிரைக் காத்தது அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் நடந்த ஒரு காரியம். ஊசி போடுவதற்கு முன்பே பணியிலிருந்த இளம் மருத்துவர் இரத்தக் கல்ச்சருக்கு (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) இரண்டு புட்டிகளை நிரப்பி ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டார். நெருக்கடியான அவசரப் பிரிவில், அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியிடம் இது தவறிப்போவது சகஜம். முதலில் மருந்து, கல்ச்சர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். மருந்து உள்ளே போன பிறகு எடுக்கும் கல்ச்சரில் கிருமி வளராமல் போகும் வாய்ப்பு கூடுதல். அப்படி ஆகியிருந்தால் இவருக்கு என்ன நோய் என்பதே தெரியாமல் போயிருக்கும்.

ஆய்வகத்திலிருந்து வந்த போன்

36 மணி நேரத்தில் புட்டியில் கிருமி வளர்ந்தது. கிராம் நெகட்டிவ் வகைக் கோல் கிருமி. இரு முனையும் நிறம் பிடித்து, நடுவில் வெளிறி, பின்னூசி போலத் தெரிந்தது. ஆக்சிடேஸ் சோதனை பாசிட்டிவ். ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் மசியவில்லை, அமொக்சிசிலினும் கிளவுலானிக் அமிலமும் சேர்ந்த மருந்துக்கு மட்டும் கட்டுப்பட்டது. இந்தச் சேர்க்கையைப் பார்த்தால் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பழகியவர்களுக்குக் கை தானாகப் போனுக்குப் போகும். பர்க்ஹோல்டேரியா சூடோமாலெய். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். (சரவாக்கில் இந்த அடையாளம் பொருந்தாது. அங்குள்ள கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்குக் கட்டுப்படும்.)

பழகாத ஆய்வகத்தில் இதே கிருமியை வேறொரு சூடோமோனாஸ் என்றோ, தோலிலிருந்து கலந்துவந்த வேண்டாத கிருமி என்றோ ஒதுக்கிவிடுவதுண்டு. நோய் நம்மிடம் குறைவு என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு: நோய் இருப்பவர்களிடம் எடுக்கும் கல்ச்சரிலும் ஏறக்குறைய 60 விழுக்காட்டில்தான் கிருமி பிடிபடும். ஆகவே ஒரு புட்டி நெகட்டிவ் என்று வந்தால் விட்டுவிடக் கூடாது. சளி, சிறுநீர், தொண்டைச் சுரப்பு, சீழ் இருந்தால் சீழ், எல்லாவற்றையும் திரும்ப அனுப்பிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கிருமி வாழும் இடம் மண்ணும் தேங்கிய நீரும். தோல் கீறல் வழியாகவும், மழைக்காற்றில் மூச்சு வழியாகவும், சுத்தமில்லாத குடிநீர் வழியாகவும் உள்ளே போகும். அறிகுறி பெரும்பாலும் ஒரு நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தெரியும். சிலருக்குப் பல ஆண்டுகள் உள்ளே அடங்கியிருந்து பிறகு கிளம்பும். பெனிசிலின், அமொக்சிசிலின், சாதாரணக் கிளினிக்கில் கொடுக்கும் பல மருந்துகள் இதனிடம் செல்லாது. செஃப்ட்ரையக்சோன் ஆய்வகத் தட்டில் ஓரளவு வேலை செய்தாலும், அதை மட்டும் நம்பிய நோயாளிகளில் இறப்பு கூடுதல் என்பது தாய்லாந்தில் கண்ட அனுபவம். முதல் எட்டு நாளில் இவருக்குக் கிடைத்த எந்த மாத்திரையும் பலிக்காததற்குக் காரணம் இதுதான். அந்த மாத்திரைகள் கெட்ட மருந்துகள் அல்ல. சந்தேகம் சரியான இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

இந்த நோயின் பெயர் கோலாலம்பூரோடு சேர்ந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1911-இல் ரங்கூனில் ஆல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள் சவப்பரிசோதனைகளில் இதை முதலில் அடையாளம் கண்டு, 1912-இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விலங்குக் கூடத்தில் கினிப்பன்றிகள் இதே கிருமியால் மடிந்தன. அங்கிருந்த ஸ்டான்டனும் பிளெட்சரும் இருபது ஆண்டு இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர் வைத்து, 1932-இல் முழு நூலாக வெளியிட்டார்கள். மலாயா மண்ணில் படித்த நோய் இது. நூறு ஆண்டுக்குப் பிறகும் தன்னைக் காட்டிக்கொள்ளாமலே மலாயாத் தோட்டத் தொழிலாளியைக் கொண்டுபோகிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வார்டில்

ஆய்வகம் அழைத்த அன்றே செஃப்ட்ரையக்சோனை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் அழுத்தம் மேலும் இறங்கியிருந்ததால் ஐ.சி.யு.வுக்கு மாற்றி, இந்தக் கிருமியைக் கட்டுப்படுத்தும் மெரோபெனம் தொடங்கினார்கள். நிலைமை தேறியதும் செஃப்டாசிடிம். வயிற்று ஸ்கேனில் மண்ணீரலில் சின்னச் சின்னதாகப் பல சீழ்க்கட்டிகளும் கல்லீரலில் இரண்டும் தெரிந்தன. குழாய் வைத்து வடிக்கிற அளவு பெரியதாக எதுவும் இல்லை.

சரியான மருந்து தொடங்கி ஒன்பதாவது நாளில்தான் காய்ச்சல் அடங்கியது. குடும்பத்தார் பதறிவிட்டார்கள். "சரியான மருந்துன்னு சொன்னீங்க, இன்னும் கொதிக்குதே" என்று மகன் ஒவ்வொரு ரவுண்டிலும் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். இந்த நோயில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் விடச் சாதாரணமாகவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இரத்தக் கல்ச்சர் சுத்தமாகி, அழுத்தம் நிலைத்து, மூச்சு சீராகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கிறதே என்று மூன்றாம் நாளில் மருந்தை மாற்றினால் கேடுதான். வார்டு மருத்துவர்கள் பொறுத்தார்கள்.

உள்ளுறுப்புச் சீழ் இருந்ததால் ஊசி மருந்து மொத்தம் நான்கு வாரம். செஃப்டாசிடிம் வருவதற்கு முன் இந்த நோயில் பிழைப்பது எப்படி இருந்தது என்பதை 1989-இல் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியிலிருந்து வந்த ஆய்வு காட்டியது: அதுவரை கொடுத்துவந்த நான்கு மருந்துக் கூட்டில் 74 விழுக்காட்டினர் இறந்தார்கள், செஃப்டாசிடிம் பெற்றவர்களில் 37 விழுக்காடு. ஒரே மருந்து மாற்றத்தில் இறப்பு பாதியானது.

504 மாத்திரை

வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கோ-டிரைமொக்சசோல், கிளினிக் பேச்சில் பாக்ட்ரிம். எடை 58 கிலோ என்பதால் காலையில் மூன்று, இரவில் மூன்று, குறைந்தது 12 வாரம். கணக்குப் பார்த்தால் 504 மாத்திரை. கூடவே போலிக் அமிலமும் இன்சுலினும். வார்டிலேயே கிளிக்லசைட்டை நிறுத்தியிருந்தார்கள். அது சரியான முடிவு. கோ-டிரைமொக்சசோலோடு சேர்ந்தால் கிளிக்லசைட் உடம்பில் தங்கி, சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடக்கூடும்.

இந்தப் பன்னிரண்டு வாரம் எதற்கு என்பதை முதல் சந்திப்பிலேயே அவர் மனைவி கேட்டுவிட்டார். "டாக்டர், காய்ச்சல் விட்டுடுச்சு. சாப்பிடறாரு, நடக்கறாரு. இன்னும் எதுக்கு ஆறு மாத்திரை?" நான் ஸ்கேன் படத்தை எடுத்து மண்ணீரலில் இருந்த கரும்புள்ளிகளைக் காட்டினேன். "அக்கா, காய்ச்சல் போயிருச்சு, கிருமி இன்னும் இங்க ஒளிஞ்சிருக்கு. நடுவுல நிறுத்தினா திரும்ப வரும், அடுத்த தடவை நேரா ஐ.சி.யு.தான்." அவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வீட்டில் மாட்டியிருந்த தமிழ் நாள்காட்டியில், ராகு காலம் போட்டிருக்கும் கட்டத்துக்குக் கீழே, காலைக்கு ஒரு கோடும் இரவுக்கு ஒரு கோடுமாகப் பேனாவால் போடத் தொடங்கினார். தவணைக்கு வரும்போதெல்லாம் அந்த நாள்காட்டியையே சுருட்டி எடுத்துவருவார். எங்கள் மருந்துப் பதிவேட்டைவிட எனக்கு அதில்தான் நம்பிக்கை.

மூன்றாம் வாரம் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.6, கிரியேட்டினின் 158. இது எதிர்பார்த்ததுதான். இந்த மாத்திரையில் உள்ள டிரைமெத்தோப்ரிம் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைத் தடுக்கும். கிரியேட்டினினையும், சிறுநீரகம் கெடாதபோதே, கொஞ்சம் கூட்டிக் காட்டும். பெரின்டோப்ரிலும் பொட்டாசியத்தை ஏற்றும் மருந்து. இரண்டில் ஒன்றை நிறுத்த வேண்டும் என்றால், எதை? பயந்துபோய்ப் பாக்ட்ரிமை நிறுத்துவதுதான் பல இடங்களில் நடக்கிறது. நாங்கள் பெரின்டோப்ரிலைத் தற்காலிகமாக நிறுத்தி, அழுத்தத்துக்கு அம்லோடிபின் கொடுத்து, இளநீரையும் வாழைப்பழத்தையும் குறைக்கச் சொல்லி, நான்கு நாளில் மறுபடி பார்த்தோம். பொட்டாசியம் 4.9-க்கு இறங்கியது. கிரியேட்டினின் அதற்கு மேல் ஏறவில்லை. தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடிவரச் சொல்லியிருந்தோம். நல்லவேளையாக அது வரவில்லை.

ஐந்தாம் வாரம் நாள்காட்டியில் நான்கு கட்டங்களில் கோடு இல்லை. குமட்டல். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டுத் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடித்துக்கொண்டிருந்தாராம். அதோடு, குத்தகையாளர் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சொல்லியனுப்பியதால் காலையில் லாரிக்கு ஓடத் தொடங்கியிருந்தார். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினோம், குமட்டலுக்கு மருந்து கொடுத்தோம், விட்டுப்போன நான்கு நாளைக் கடைசியில் கூட்டினோம். வேலை விஷயம் மாத்திரையால் தீராது. எங்கள் மிஸ்ஸி (தாதி) அந்தக் குத்தகையாளரைப் போனில் கூப்பிட்டு, ஆள் சேற்றில் இறங்கக் கூடாது, மூட்டை எண்ணும் வேலை கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஒருவழியாகக் கொடுத்தார். ஒரு மனிதரின் சிகிச்சை முடிவு ஒரு போன் அழைப்பில் தொங்குவது சரியான ஏற்பாடே அல்ல. தொழிலாளியாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் மருத்துவ விடுப்பு அவருடைய உரிமையாக இருந்திருக்கும்.

நோய் திரும்ப வருவதற்கான காரணங்களை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் முதலிடத்தில் வைப்பது மாத்திரையை ஒழுங்காக முடிக்காததைத்தான். முன்பு இதோடு டாக்சிசைக்ளினும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2014-இல் வந்த பெரிய தாய்லாந்துச் சோதனை கோ-டிரைமொக்சசோல் தனியாகவே போதும் என்று காட்டியது. மாத்திரை எண்ணிக்கை குறைந்தது நோயாளிக்குப் பெரிய நிம்மதி.

கெடாவின் கணக்கு

அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை உறுதியான 145 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய 16 பேருக்கு இந்த நோய். மூன்றில் ஒருவர் இறந்துவிட்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள், 57 விழுக்காடு, நீரிழிவுக்காரர்கள். கெடா என்றால் நெல்வயல், ஆகவே இது வயல்காரர்களின் நோய் என்று ஒதுக்கிவிடுகிறோம். செம்பனைத் தோட்டத்துக் கால்வாயிலும் அதே மழை, அதே மண்தான். பகாங்கில் 2010-இல் லூபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடிய மீட்புப் பணிக்குப் பிறகு மெலியாய்டோசிஸும் எலிக்காய்ச்சலும் பரவி எட்டுப் பேர் இறந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

உலக அளவில் ஆண்டுக்கு 165,000 பேருக்கு நோயும் 89,000 இறப்பும் இருக்கலாம் என்று 2016-இல் ஒரு மதிப்பீடு வந்தது. டெங்கியால் இறப்பவர்களைவிட இது பல மடங்கு. டெங்கிக்கு நம் தாமான்களில் புகை அடிக்க வண்டி வருகிறது. இதற்கு ஒரு சுவரொட்டிகூட நான் பார்த்ததில்லை.

இப்போது இதன்மேல் நீரிழிவுக் கணக்கை வைத்துப் பாருங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். சர்க்கரை கூடிக் கிடக்கும் உடம்பில் இந்தக் கிருமியை முதலில் எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் மந்தமாகிவிடும். அதனால்தான் நீரிழிவுக்காரருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. நாட்டிலேயே நீரிழிவு அதிகமுள்ள சமூகம், அதிலும் மண்ணில் வேலை செய்பவர்கள், அதிலும் தவணைக்கு வரமுடியாத நாள் கூலிகள். ஆபத்து ஒரே ஆளிடம் வந்து குவிகிறது.

இறப்பைக் குறைக்க முடியாதா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் 30 ஆண்டு ஒவ்வொரு நோயாளியையும் தொடர்ந்து பதிவு செய்தார்கள். முதல் ஐந்து ஆண்டில் இறப்பு 31 விழுக்காடு. கடைசி ஐந்து ஆண்டில் 6. அங்கே பிரமாதமான ஐ.சி.யு. இருக்கிறது என்பது உண்மை. ஆனால் மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் நீரிழிவுக்காரரைப் பார்த்ததும் அங்குள்ள மருத்துவருக்கு இந்த நோய் நினைவுக்கு வருகிறது, கல்ச்சர் போகிறது, சரியான மருந்து உடனே ஏறுகிறது. மாத்திரைக் காலம் முடியும்வரை ஒருவர் பின்தொடர்கிறார். இந்த மூன்றுக்கும் ஐ.சி.யு. தேவையில்லை. எங்கள் மாதிரி ஒரு தோட்டச் சிற்றூர்க் கிளினிக்கே செய்யக்கூடியவை. என் கருத்தில், இந்த நோயில் உயிர் தீர்மானமாவது முதல் இரண்டு நாளிலும் கடைசிப் பன்னிரண்டு வாரத்திலும்தான். அந்த இரண்டும் பெரும்பாலும் நம் ஊரில்தான் நடக்கின்றன.

எங்கள் கிளினிக்கில் இப்போது நீரிழிவுப் பதிவேட்டில் தொழில் என்ற இடத்தைக் காலியாக விடுவதில்லை. தோட்டம், வயல், கால்வாய் வேலை என்றால் சிவப்புப் புள்ளி. அவர்களில் யாராவது மழை மாதத்தில் மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோடு வந்தால் மாத்திரை கொடுத்து அனுப்பாமல் கல்ச்சர் எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்புகிறோம். சுற்றியுள்ள தனியார் கிளினிக் மருத்துவர்களிடமும் பேசியாயிற்று. அவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: எந்த எண்ணுக்கு அழைப்பது? அந்த எண் இப்போது அவர்கள் மேசையில் இருக்கிறது.

முடிவும் தொடர்ச்சியும்

நாள்காட்டிக் கோடுகள் முடிந்தபோது நுரையீரல் தெளிந்திருந்தது. மண்ணீரல் கட்டிகள் மறைந்திருந்தன, கல்லீரலில் ஒரு சின்னத் தழும்பு மட்டும் மிச்சம். கிரியேட்டினின் 131-க்குத் திரும்பியது, பெரின்டோப்ரில் மறுபடி தொடங்கியாயிற்று. நான்காம் மாத எச்பிஏ1சி 7.6. இன்சுலின் இரவில் ஒரு வேளை மட்டும், மனைவிதான் போட்டுவிடுகிறார். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஸ்கேன். காய்ச்சல் வந்தால் பனடோல் போட்டுக் காத்திருக்காமல் அன்றே வரவேண்டும் என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும்.

பாதச் சோதனையில் இரண்டு காலிலும் விரல் நுனிகளில் உணர்வு குறைந்திருப்பது தெரிந்தது. காலில் காயம் பட்டாலும் அவருக்குத் தெரியாமல் போகக்கூடும். தடித்த காலுறையோடு போட வசதியாக அரை அளவு பெரிய பூட்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறோம். தினமும் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் போட வேண்டும், ஓட்டை விழுந்த அன்றே மாற்ற வேண்டும். ஒரு ஜோடி வாங்கியாகிவிட்டது. அதற்கு அவர் கைக்காசுதான் போனது. 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி அது வேலை கொடுப்பவரின் பொறுப்பு என்பதை எழுதி, அந்தக் குத்தகையாளருக்கு அனுப்பக் கடிதம் ஒன்று தயாராகிறது. அதே லாரியில் போகும் மற்றவர்களில் நீரிழிவுக்காரர்கள் எத்தனை பேர் என்று அவரையே கேட்டிருக்கிறோம். அடுத்த தவணைக்கு இரண்டு பேரைக் கூட்டிவருவதாகச் சொன்னார்.